சுவர்ப் பெரணியும் குழாய்க் கசிவும்: ஒரு முன்னாய்வு

அல்வாவை ஆராய்ந்தவர்கள் திருநெல்வேலியில் ஏராளம். பழைய மதில்களின் கல் இடுக்கில் தொங்கும் பெரணியை ஏறிட்டுப் பார்க்க ஆளில்லை. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் மாணிக்கமும் இருதயராஜும் 1992-இல் மேற்குத் தொடர்ச்சி மலைப் பெரணிகளுக்குப் பெருநூலே எழுதினார்கள். அவர்கள் மலையேறினார்கள். எனக்கு முட்டுவலி, ஆகவே என் ஆய்வுக்களம் வீட்டுக்கும் டீக்கடைக்கும் இடைப்பட்ட சந்து.

என் கருதுகோள்: பெரணி செடியே அல்ல, கசிவைக் காட்டும் கருவி.

நிரூபணம் வருமாறு. பெரணி பூக்காது, காய்க்காது. இலையடியில் பழுப்பாய் ஒட்டியிருக்கும் வித்துத்தூள் காற்றில் பறந்து சுவரிடுக்கில் விழும். நகக்கண் அளவு பச்சைத் தகடாக முளைக்கும். கல்யாணம் அதற்கப்புறம்தான். மாப்பிள்ளை அணு பெண்ணணுவிடம் நீந்தியே போயாக வேண்டும். ஒரு படலமாவது ஈரம் இல்லாவிட்டால் முகூர்த்தம் தவறிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது நடந்தால் வியப்பில்லை. பங்குனி வெயிலிலும் ஒரு சுவரில் பெரணி தழைத்தால், பின்னால் குழாய் ஒழுகுகிறது என்று அறிக.

சுவர்களில் அதிகம் காணப்படும் டெரிஸ் விட்டேட்டா என்ற பெரணிக்குச் சுண்ணாம்புக் காரை என்றால் உயிர். மண்ணிலிருந்து ஆர்செனிக்கை உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கும் குணமும் அதற்கு உண்டு என்று 2001-இல் கண்டுபிடித்தார்கள். யாரும் பொரியல் வைத்துப் பார்க்க வேண்டாம்.

மறுப்பாளர் தரப்பில் டீக்கடை அண்ணாச்சி நிற்கிறார். “செடி முளைச்சுட்டுன்னா சுவரு நிக்காதுவே. புடுங்கிப் போடும்.” அவர் அரசங்கன்றோடு குழப்பிக்கொள்கிறார். கோபுரத்தையே பிளப்பது அது. பெரணி வேர் மயிரிழை. மயில்சிகை விஷயம்தான் சங்கடம். குட்டிப் பனை விசிறி போன்ற அந்தப் பெரணி காய்ந்த பாறையில் சுருண்டு கிடந்து, மழை பட்டதும் விரியும். அது என் கருதுகோளைக் கெடுப்பதால் அடிக்குறிப்புக்குத் தள்ளிவிட்டேன். இக்கட்டுரைக்கு அடிக்குறிப்பு கிடையாது.

களச்சோதனையும் முடிந்தது. எங்கள் பின்பக்கச் சுவர்ப் பெரணியைக் காட்டி, அடுத்த வீட்டுக்காரரிடம் இரண்டு வருஷமாகக் குழாயை மாற்றச் சொல்லிக்கொண்டிருந்தேன். போன மாதம் பிளம்பர் சுவரை உடைத்தார். ஒழுகியது என் வீட்டுக் குளியலறைக் குழாய். மாற்றியாயிற்று. பெரணி வாடுகிறது. தான் சொல்லித்தான் நான் அதைப் பிடுங்கினேன் என்று அண்ணாச்சி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.