கெட்ட கேபிளின் மறுபிறவி: செம்பவாங் மேடைகளை முன்வைத்து ஒரு விசாரணை

மேடை ஒலியமைப்பில் அழிவற்ற பொருள் எது என்ற வினாவுக்கு ஆன்றோர் இருவிதமாக விடை பகர்வர். ஒரு சாரார் ஷூர் எஸ்எம்58 மைக் என்பர். 1966 முதல் விற்பனையில் இருக்கும் அது கீழே விழும், மழையில் நனையும், மறுநாளும் பாடும். மறுசாரார், சவுண்ட் செக் நேரத்தில் பின்வரிசையில் நின்றபடி ‘பேஸ் பத்தல தம்பி’ என்று சொல்லும் அங்கிளே அது என்பர். இரண்டும் பொருந்தா. அழிவற்றது கெட்ட கேபிள் ஒன்றே என நிறுவுவது இக்கட்டுரையின் கருத்து.

ஆய்வுக்களம் சிங்கப்பூரின் செம்பவாங். காரணமில்லாமல் தேர்ந்ததன்று. 1938-இல் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தின் பெரிய உலர்துறை இங்கே திறக்கப்பட்டது. அறுபதுகளில் பிரிட்டிஷ் படைவீரர்களின் மன்றங்களில் உள்ளூர் கித்தார் இசைக்குழுக்கள் வாசித்தன. 1971-இல் வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டினர். ஆம்ப்ளிஃபயர் இரைச்சல் மட்டும் கிளம்பவில்லை. இன்று அது புளோக் கீழ்த்தளக் கல்யாணங்களிலும் சமூக மன்றத் தீபாவளி நிகழ்ச்சிகளிலும் கீபோர்டு, தபலா, ரிதம் பேட் சகிதம் குடியிருக்கிறது. ஜொகூர் நீரிணையிலிருந்து வரும் காற்றில் உப்பு. ஆண்டுச் சராசரி ஈரப்பதமோ 80 விழுக்காட்டுக்கு மேல். ஜாக் முனை கறுத்துப்போக இதைவிட உகந்த தலம் வேண்டியதில்லை.

இனி நோய்க்குறி. மேடையில் எழும் வேண்டா ஒலிகள் பல. ‘உய்ய்ங்’ என்பது லார்சன் விளைவு. டென்மார்க் இயற்பியலர் சோரன் லார்சனின் பெயரால் வழங்குவது. ஸ்பீக்கரின் ஒலி மைக்கில் புகுந்து மீண்டும் ஸ்பீக்கருக்கே போய்ச் சுழல்வதால் வருவது. இதற்குப் பாதிப் பொறுப்பு பாடகருடையது. மைக்கின் தலையை மாங்காய்போல் பொத்திப் பிடித்தால், பின்பக்க ஒலியை ஒதுக்கும் அதன் அமைப்பே கெட்டுவிடும். பிறகு சவுண்ட் அண்ணனை முறைத்துப் பயனில்லை.

‘கொர்ர்ர்’ என்பது வேறு. சிங்கப்பூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கொர் அதன் சுருதியிலோ அதற்கிரட்டியான 100-இலோ நிற்கும். மிக்சர் மண்டபத்தின் பின்சுவர் பிளக்கிலும் கீபோர்டு ஆம்ப் மேடையோர பிளக்கிலும் செருகப்பட்டால், எர்த் இரண்டு வழியாக ஓடி வளையமாகிவிடுகிறது. அந்த வளையமே பாடுகிறது. இதைத் தீர்க்க மூன்று முள் பிளக்கின் எர்த்தைக் கழற்றிவிடும் வழக்கம் ஒன்று உண்டு. ஏனைய இடங்களில் இவ்வாய்வு வேடிக்கை பேசும், இங்கு பேசாது. அது ஆளைக் கொல்லும். கீபோர்டுக்கும் மிக்சருக்கும் நடுவில் டிஐ பெட்டி ஒன்றை வைத்து, அதிலுள்ள எர்த் பிரிக்கும் சுவிட்சைத் தட்டினால் கொர் அடங்கும்.

எஞ்சியிருப்பது ‘கர்கர், டப்’. இதுவே நம் பொருள்.

இதில் இரு மரபுகள் உண்டு. பெட்டி மரபினர் கர்கர் கேட்டதும் மிக்சர் போய்விட்டது என்பர். புதிதாக வாங்க வேண்டும் என்பர். எத்தனை வெள்ளி என்பதையும் சொல்வர். வயர் மரபினர் ஒன்றும் சொல்லாமல் கேபிளை ஆட்டிப் பார்ப்பர். பின்னவரே பெரும்பாலும் வெல்வர் என்றாலும் குழுத் தலைவர்கள் முன்னவரையே மதிப்பர். விலை உயர்ந்த பொருளைச் சந்தேகிப்பதில் ஒரு கௌரவம் இருக்கிறது போலும்.

கேபிள் கெடுவதற்கு மூலம் யாதெனின், முழங்கை. உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் இடையில் கொடிக்கயிறாகச் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறுக்கு உள்ளே தங்குகிறது. மைக் கேபிளினுள் இரண்டு கம்பிகளும் அவற்றைச் சுற்றிய வலையும் இருக்கின்றன. இரு கம்பிகளும் ஒரே ஒலியை எதிரெதிராகச் சுமப்பதால், வழியில் ஒட்டிய இரைச்சல் மறுமுனையில் கழிந்துபோகும். முறுக்கில் ஒரு கம்பி அறுந்தாலும் கேபிள் முழுதாகச் சாவதில்லை. ஒலி மெலியும், இரைச்சல் ஏறும், ஆட்டினால் தேறும். ஒரு சுற்று மேலாகவும் அடுத்தது கீழாகவும் மாற்றி மாற்றிச் சுற்றினால் முறுக்கு சேராது. இதைக் கற்பிக்க முயன்றோர் பலர், கற்றோர் சிலர்.

இனி மறுபிறவி. நிகழ்ச்சி நடுவே கெட்ட கேபிள் பிடிபடுகிறது. கழற்றி மேடைக்குக் கீழே எறிகிறார்கள். இரவு குறித்த நேரத்துக்குள் புளோக்கில் சத்தம் அடங்க வேண்டும். லாரி வந்து நிற்கிறது. மாப்பிள்ளையின் சித்தப்பா உதவ இறங்குகிறார். மேடைக்குக் கீழே கிடந்ததைக் கடைசியாகக் கண்டெடுத்து, முழங்கையில் சுற்றிப் பையில் போடுகிறார். கடைசியாகப் போனதால் அதுவே மேலே இருக்கும். மேலே இருப்பதால் அடுத்த நிகழ்ச்சியில் முதலில் வெளிவரும். முதலில் பொருத்தப்படுவது முதன்மைப் பாடகரின் மைக். ஆகவே கெட்ட கேபிள் எப்போதும் முதன்மைப் பாடகரையே சேரும் என்க. இதில் விதியும் இல்லை, சூனியமும் இல்லை. பை அடுக்கும் வரிசைதான்.

இதைத் தடுக்க முடிச்சுப் போட்டுவைப்பர் சிலர். சித்தப்பா அன்போடு அதை அவிழ்த்துவிடுவார். டேப் ஒட்டினால் ஈரத்தில் உரிந்துவிடும். முத்திக்கு வழி ஒன்றே: அந்த இடத்திலேயே கட்டரால் பிளக்கை வெட்டுதல். முறிவு பெரும்பாலும் பிளக்கை ஒட்டிய சில அங்குலங்களில்தான் என்பதால் மிச்சக் கேபிள் வீணாகாது. ஜாலான் புசார் சிம் லிம் டவரில் புது பிளக் கிடைக்கும். பழையதே போதும் என்போருக்கு முன்பு சுங்கை ரோடு சந்தை இருந்தது. 2017 ஜூலை 10-உடன் அதுவும் மூடப்பட்டது. பிளக்கைப் பற்றவைக்கும் 63/37 ஈயப்பற்று 183 டிகிரி செல்சியஸில் உருகும். பற்றவைக்கும் இரும்பு அதைவிட நன்றாகச் சூடேற வேண்டும். இரு கம்பியையும் வலையையும் அழகாகப் பற்றவைத்து முடித்த பிறகுதான், பிளக்கின் உறையை முதலிலேயே வயரில் கோக்கவில்லை என்பது புலப்படும். இந்நிலையை எய்தாத தொழில்நுட்பர் இல்லை.

ஆதலால் செம்பவாங் வாழ் சித்தப்பாக்களுக்கு ஒரு விண்ணப்பம். மேடைக்குக் கீழே ஒரு கேபிள் தனியே கிடந்தால், எடுத்துச் சுற்றாதீர்கள். சவுண்ட் பார்ப்பவரை அழைத்துக் காட்டுங்கள். அவர் கையில் கட்டர் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.