புருவம் உயர்த்தாத மயினி

நாஞ்சில் நாட்டில் மயினிமார், அதாவது மதினிமார், பல ரகம். இப்போது புதிதாக ஒரு ரகம் சேர்ந்திருக்கிறது: ஊசி மயினி.

வயது 55க்கும் 60க்கும் நடுவில். மகன் துபாயில், வீடு வடசேரியிலோ பார்வதிபுரத்திலோ. மகனின் கல்யாண ஆல்பம் வந்த நாளிலிருந்து தூக்கம் போயிற்று. சம்பந்தியம்மாவைவிட மயினி நாலு வயது இளையவர். படத்தில் பார்த்தால் நாலு வயது மூத்தவர். பொறுப்பாரா?

நாகர்கோவிலில் தோல் டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வெயிட்டிங் ஹாலில் தெரிந்தவர்கள் இருப்பார்களே! எனவே 70 கிலோமீட்டர் தள்ளி, திருவனந்தபுரம். வீட்டில் சொல்வது, "கண்ணு காட்டப் போறேன்." இதை முழுப்பொய் என்று தள்ளவும் முடியாது. அங்கே அவர் போட்டுக்கொள்ளும் போடாக்ஸ் ஊசி பிறந்ததே கண்ணுக்காகத்தான். சான்பிரான்சிஸ்கோ கண் மருத்துவர் ஆலன் ஸ்காட் மாறுகண்ணைச் சரிசெய்யத்தான் அதைக் கொண்டுவந்தார். 1989இல் அமெரிக்கா அனுமதித்தது. வான்கூவரில் ஜீன் கருதர்ஸ் என்ற கண் மருத்துவர், இமைத் துடிப்புக்கு ஊசி போட்டால் புருவ நடுவிலுள்ள சுருக்கமும் மறைவதைக் கண்டார். தோல் மருத்துவரான கணவரோடு சேர்ந்து 1992இல் அதை எழுதினார். சுருக்கத்துக்கென்று அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2002இல்.

கெட்டுப்போயிருக்கும் என்று பயந்து டின் மீனைத் தொடாதவர் மயினி. சரியாகப் பதப்படுத்தாத டின் உணவில் வளரும் கிருமியின் நஞ்சைத்தான் இப்போது துளியூண்டு நெற்றியில் ஏற்றிக்கொள்கிறார். நரம்பு சொல்வதைத் தசை கேட்காதபடி அது மறித்துவிடும். தசை சுருங்காவிட்டால் தோலும் சுருங்காது. டாக்டர், "புருவ நடுவுக்கு இருபது யூனிட், நெற்றிக்கு வேறு" என்றார். "முதல் நூறு யூனிட் ஃப்ரீ இல்லையா?" என்று மயினி கேட்டார். தமிழ்நாட்டுக் கரண்ட் பில் பார்த்திராத அந்த மலையாள டாக்டர் விழித்தார். ஒட்டிய கன்னத்துக்குத் தனியாக ஃபில்லர். அது ஹயலுரானிக் அமில ஜெல். வயதாகித் தோலுக்கடியில் குறைந்துபோன பருமனை நிரப்பும்.

திரும்பி வந்த இரண்டாவது வாரம் ஒரு கல்யாணம். பந்தியில் மயினியின் புருவத்துக்கு ஒரு காலத்தில் இருந்த மரியாதை ஊருக்கே தெரியும். புளிசேரியில் புளிப்பு ஏறினால் அந்தப் புருவமும் ஏறும். சமையல்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடி வருவார். அன்றைக்கு எரிசேரியில் உப்பு கூடிப்போயிருந்தது. மயினி புருவத்தை உயர்த்தினார். அது உயரவில்லை. நெற்றியைச் சுளித்தார். சுளியவில்லை. "மயினிக்கு எரிசேரி பிடிச்சுப்போச்சு டே, இன்னும் ரெண்டு கரண்டி போடு!" என்றார் விளம்பியவர்.

துட்டி வீட்டில் வேறு சங்கடம். "செத்தது சொந்த அத்தான். மொகத்துல ஒரு வருத்தம் உண்டுமா பாத்தியா?" என்று பின்வரிசையில் பேச்சு. மயினி உண்மையாகவே அழுதுகொண்டுதான் இருந்தார்; கண்ணீர் வந்தது, முகம்தான் கூட வரவில்லை.

மருமகளுக்கு முதலில் நிம்மதி. அத்தை முறைப்பதே இல்லை! நிம்மதி ஒரு வாரம்கூட நிற்கவில்லை. முன்பு ஒரு பார்வையில் முடிந்த விஷயத்தை மயினி இப்போது வாயால் சொல்கிறார், விவரமாக, தேதி வாரியாக.

"மயினி, மொகம் என்னமா மினுங்குது! என்ன போடுதிய?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். "நான் என்னத்தட்டி போடப்போறேன்? கஸ்தூரி மஞ்சளும் உருக்கெண்ணெயும்தான்." அந்தத் தெருவே இப்போது மஞ்சள் பூசிக்கொண்டு திரிகிறது. கோட்டாற்றுக் கடைக்காரர்தான் மயினிக்கு நன்றி சொல்லவேண்டும்.

ஊசியின் வேலை மூன்று, நாலு மாதம்தான். பிறகு புருவம் பழைய அதிகாரத்துக்குத் திரும்பிவிடும். மயினிக்கு மறுபடியும் கண் காட்டவேண்டிவரும்.

வயதை மறைக்க நினைப்பதில் குற்றமில்லை. ஆண்கள் மீசைக்கு மை அடிக்கவில்லையா? ஆசைப்படுகிறவர்கள் தாராளமாகப் போடட்டும். ஆனால் பியூட்டி பார்லரில் சலுகை விலைக்குப் போடாதீர்கள். ஃபில்லர் தவறி ரத்தக்குழாய்க்குள் போனால் கண்பார்வையே போகலாம். படித்த தோல் டாக்டரிடம்தான் போகவேண்டும். கல்யாணத்துக்கு முந்தின நாள் ஓடாதீர்கள். முழுப்பலன் தெரிய இரண்டு வாரம் ஆகும். எது போட்டால் முகம் மினுங்கும் என்பதை டாக்டரிடம் கேளுங்கள்; மயினியிடம் மட்டும் கேட்காதீர்கள்.