புள்ளியில் தோல்வி, மனசில் வெற்றி

கேள்வி: 'ராக்கி பால்போவா'வைத் தியேட்டரில் பார்த்தீர்களாமே! அறுபது வயது ஸ்டாலோன் குத்துச்சண்டை போடுவதை நம்ப முடிந்ததா?

பதில்: வயது முட்டிக்குத்தான், முஷ்டிக்கு இல்லை என்று நம்ப வைத்துவிட்டார்! பயிற்சியாளரே ஒப்புக்கொள்கிறாரே: மூட்டெல்லாம் கோளாறு, வேகம் வராது, அடியின் கனத்தைக் கூட்டுவோம் என்று. ஸ்டாலோன் நடிக்கும் ராக்கிக்கு, மறைந்த மனைவியின் கல்லறைக்குப் போய் உட்கார ஒரு மடக்கு நாற்காலி. அதை அங்கேயே மரக்கிளையில் வைத்துவிட்டு வருவார். அடிக்கடி வருகிறவர் என்பதற்கு வசனமே தேவையில்லை.

1976-இல் வந்த முதல் 'ராக்கி' படத்தில் அவர் புள்ளிக் கணக்கில் தோற்றார். முப்பது வருஷம் கழித்து, 2006-இல் வந்த இந்தப் படத்தின் கடைசிச் சண்டையிலும் அதே தோல்வி. ஆனால் தீர்ப்பை வாசிக்கும்போது மனிதர் மேடையிலேயே இல்லை. ரசிகர்களுக்குக் கை கொடுத்தபடி வெளியே நடக்கிறார். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது பிலடெல்பியா மியூசியப் படிகளில் சாதாரண ஜனங்கள் ராக்கி மாதிரியே ஏறிக் குதிக்கிறார்கள். நான் எழுந்து நின்று கை தட்டினேன். நடுவர்கள் மார்க் போடத் தவறலாம். ஜனங்கள் தவறவே மாட்டார்கள்!