அரைப்பேர் கிறிஸ்தவர்கள்

தேயிலைத் தோட்டத்து லயத்தில் ரகசியம் என்ற சாமானை வைக்க இடம் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்துக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் ஓர் இஸ்தோப்பு. இந்தக் குடும்பத்துக்கும் அடுத்த குடும்பத்துக்கும் நடுவில் ஒரு சுவர். பல லயங்களில் அந்தச் சுவரும் கூரையைத் தொடாமல் பாதி வழியிலேயே நின்றுவிடும். சனிக்கிழமை ராத்திரி முதல் காம்பராவில் எத்தனை கோப்பை உடைந்தது என்று ஆறாவது காம்பராவில் படுத்திருக்கிறவர் கணக்குச் சொல்லுவார். யாருடைய தோடு அடகுக் கடையில் இருக்கிறது, யார் வீட்டு மகன் கொழும்பிலிருந்து காசு அனுப்புவதை நிறுத்திவிட்டான் என்பதெல்லாம் பீலிக்கரையில் ஒரு குடம் நிறைகிற நேரத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். இவ்வளவும் தெரிந்த அதே ஆட்கள்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் பதுளை மாவட்டத்துத் தெமோதரைப் பக்கத்துச் சபைகளில் ஒரே பாயில் அடுத்தடுத்து உட்காருகிறார்கள். “சுகமா இருக்கீங்களா அக்கா?” “கர்த்தரோட கிருபையில ஒரு குறையும் இல்லம்மா.” குறை என்னவென்று கேட்டவருக்குத் தெரியும். தெரியும் என்பது சொன்னவருக்கும் தெரியும். இருவரும் சேர்ந்து பாட்டுப் புத்தகத்தைப் பிரிப்பார்கள்.

முகமூடியைப் பற்றிப் பிரசங்கிக்கிறவர்கள் பெரும்பாலும் அதை ஏமாற்று என்று திட்டுகிறார்கள். என் கட்சி வேறு. ஏமாற்று என்றால் யாராவது ஒருவர் ஏமாற வேண்டும். எங்கள் பக்கத்தில் அதற்கு ஆள் கிடைக்கவில்லை. யாரையும் ஏமாற்றாத ஒரு வேஷத்தை வாரம் தவறாமல், கஞ்சி போட்ட சட்டையோடு, இவ்வளவு பேர் கட்டிக்கொண்டு வருகிறோம் என்றால் அதில் யாருக்கோ லாபம் இருக்க வேண்டும். அந்த லாபக்காரர் யார் என்பதுதான் கேள்வி. வேலைத்தலத்தில் இந்தச் சிக்கலே இல்லை. குறித்த கிலோ கொழுந்து வராவிட்டால் சம்பளம் போடுகிற செக்ரோலில் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. கணக்கப்பிள்ளையிடம் பாட்டுப் பாடி முழுப்பேர் வாங்க முடியாது. சபையில் மட்டும் அரைப்பேர்க்காரர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் முழுப்பேர் போட்டுக்கொள்கிறோம். காலையில் பேர் கொடுக்கிற பிரட்டுக்களத்திலும் மலையிலும் தேத்தண்ணிக் கடையிலும் வாய்விட்டுச் சொல்லக்கூடிய கஷ்டத்தை, மன்னிப்பைப் பற்றியே பேசுகிற ஒரே கட்டடத்துக்குள் சொல்ல முடியாமல் போகிறது.

இந்த முகமூடி பொய்யால் செய்ததும் இல்லை. லூக்கா எழுதிய உவமையில் ஆலயத்துக்குப் போன பரிசேயனைக் கவனியுங்கள். வாரத்தில் இரண்டு நாள் உபவாசம், வருமானத்தில் பத்தில் ஒன்று காணிக்கை என்று அவன் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் என்று இயேசு சொல்லவில்லை. சொன்னதெல்லாம் உண்மை, சொல்லாததில்தான் ஆள் இருந்தான். நம் சாட்சி நேரமும் அந்த ரகம். காய்ச்சல் குணமானது வரும், மகள் பாஸானது வரும், மருமகளோடு ஆறு மாதமாகப் பேச்சில்லை என்பது வராது. இந்தக் கலையில் எங்கள் ஊவா மாகாணத்துக்கே நல்ல பயிற்சி உண்டு. தேயிலைப் பெட்டிப் படத்தில் சிரித்துக்கொண்டு கொழுந்து பறிக்கிற பெண் நிஜமான பெண்தான். இடுப்பில் கட்டிய படங்கையும் காலில் ஏறிய அட்டையையும் மட்டும் படக்காரர் வெளியே விட்டுவிடுவார். ஆலயக் கல்லிலும் இதே கலைதான். பதுளையில் உள்ள புனித மாற்கு ஆலயம், 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த வெள்ளைக்கார அதிகாரி மேஜர் ரோஜர்ஸின் நினைவாகக் கட்டியது. துரை வகித்த பதவிகளைக் கல் சொல்கிறது. அவர் சுட்டுத் தள்ளிய யானைகள் ஆயிரத்துக்கு மேல் என்ற சாட்சியை ஊர்தான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆலயச் சுவரில் எதைப் பொறிப்பது, எதை விடுவது என்பது துரை காலத்திலேயே தீர்மானமாகிவிட்டது.

வேஷத்தின் லாபக் கணக்கை இலங்கைத் தீவில் எழுதிப் பார்த்தவர்கள் ஒல்லாந்தக் கம்பெனிக்காரர்கள். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்ததும் கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தினார்கள். உத்தியோகம் வேண்டுமா, எங்கள் சபையில் ஞானஸ்நானம் எடு. கல்யாணம் சட்டப்படி செல்ல வேண்டுமா, எங்கள் ஏட்டில் பதி என்றார்கள். ஜனங்கள் ஏட்டில் புரட்டஸ்தாந்துக்காரர்களாகவும், வீட்டில் பழையபடி சைவர்களாகவோ கத்தோலிக்கர்களாகவோ இருந்துகொண்டார்கள். ஏடு எழுதினவருக்குத் தொகை பெருத்த சந்தோஷம். எழுதப்பட்டவருக்கு உத்தியோகம் நிலைத்த சந்தோஷம். 1796இல் ஆங்கிலேயர் வந்து அந்தக் கெடுபிடி போனதும் ஏட்டிலிருந்த கிறிஸ்தவர்கள் பனி விலகுகிற வேகத்தில் குறைந்தார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்களுடைய வேஷத்துக்குக் கூலி இருந்தது. நமக்கு எந்தக் கம்பெனியும் உத்தியோகம் தரவில்லை, கூலியில்லாமல் போடுகிறோம்.

இந்த இடத்தில் சபைச் சரித்திரம் படித்தவர் ஒருவர் எழுந்து, “அப்படியானால் புனித யோசே வாஸ்?” என்று கேட்பார். நியாயமான கேள்வி. கோவாவில் பிராமண வழி வந்த கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த அந்தக் குருவானவர், ஒல்லாந்தர் கண்ணில் மண்ணைத் தூவ 1687இல் கூலியாள் வேஷத்தில்தான் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தார். 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத் திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார். வேஷம் போட்டவருக்கே அவ்வளவு மரியாதை என்றால் நமக்கு மட்டும் ஏன் ஏச்சு? வாஸ் அடிகள் யாருக்கு முன்னால் வேஷத்தைப் போட்டார், யாருக்கு முன்னால் கழற்றினார் என்று பார்த்தால் விடை கிடைக்கும். சிப்பாய்க்கு முன்னால் கூலி. ஆனால் ஒளிந்திருந்த விசுவாசிகளைக் கண்டுபிடிக்கக் கழுத்தில் செபமாலையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். அடையாளம் தெரிந்தவர்களிடம் தம்மை வெளிப்படுத்தினார். நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். சாராயத் தவறணையிலும் பஸ் தரிப்பிடத்திலும் சொந்த முகம், சொந்த வாய், சொந்தக் கெட்ட வார்த்தை. விசுவாசிகள் கூடின இடத்தில்தான் மாறுவேடம். இன்னொரு வேடிக்கையும் உண்டு. தமிழ்க் கூலி மிஷன் என்ற பெயரிலேயே 1854இல் தோட்டங்களில் ஊழியம் தொடங்கியது. அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் முன்னால் ஒரு குருவானவர் கூலி வேஷம் போட்டு ஜனங்களைத் தேடி வந்தார். கூலியின் பேரப்பிள்ளைகளான நாமோ துரை வேஷம் போட்டுக் குருவானவரைத் தேடிப் போகிறோம். மேயிலும் கோட்டும் டையும்.

அடுத்த ஆட்சேபம் இன்னும் கனமானது. நல்லவனாக நடித்து நடித்துத்தானே ஒருவன் நல்லவனாகிறான், உள்ளே கோபம் இருந்தாலும் வெளியே அடக்கினால் அது ஒழுக்கமில்லையா என்பார்கள். ஒழுக்கந்தான். நாக்கை அடக்குகிறவனை யாரும் வேஷக்காரன் என்று சொல்லமாட்டார்கள். எனக்குக் கோபமே வராது என்று மைக்கில் சொல்லுகிறபோதுதான் அரிதாரம் ஏறுகிறது. அடக்கம் பக்கத்தில் இருக்கிறவருக்காக, அரிதாரம் நமக்காக. மாசி மாதத்தில் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும். மன்மதனாகவும் ரதியாகவும் ஆடுகிறவர்கள் யார் மகன், யார் தம்பி என்று பார்க்கிற அத்தனை பேருக்கும் தெரியும். சாயத்தைக் கழுவிவிட்டு மன்மதன் மறுபடி மலைக்கு வேலைக்குப் போவார். அந்தக் கூத்துக்குப் போகக் கூடாது என்று எத்தனையோ சபைகளில் கண்டிப்பு. கழுவினால் போகிற சாயத்துக்குத் தடை. வருஷம் பூராவும் கழுவாத சாயத்துக்கு முன்வரிசை.

அப்படியானால் உள்ளதை உள்ளபடி பேசிவிடுகிறேன் என்று சிலர் கிளம்புவார்கள். இவர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு. “நான் மனசுல ஒண்ணும் வைக்க மாட்டேன், மூஞ்சிக்கு நேரா சொல்லிருவேன்” என்று ஆரம்பித்து, நேராக அடுத்த வீட்டு மூஞ்சியைப் பற்றியே சொல்லி முடிப்பார்கள். அவர்கள் திறக்கிற உள்ளம் எப்போதும் பிறத்தியாருடையது. லூக்காவின் அந்தப் பரிசேயன் உவமையில் தூரத்தில் நின்ற ஆயக்காரன் தன்னைத் தவிர வேறு யாரைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. பரிசேயன்தான் அவனைச் சுட்டிக்காட்டி ஜெபித்தான். தன் குறையைச் சொல்ல வெட்கப்பட்டு அடுத்தவர் குறையைத் தைரியமாகச் சொல்லுகிறவர் போட்டிருப்பது முகமூடியிலேயே தடித்த ரகம். அதற்குக் கபடமற்றவர் என்று பட்டமும் வாங்கிக்கொள்வார்.

எல்லாவற்றிலும் வலிய ஆட்சேபம் லயத்துப் பெண்கள் சொல்லுவது: சபையில் ஒன்றைச் சொன்னால் சாயந்தரத்துக்குள் அது ஜெபக்குறிப்பாகி ஆறு டிவிஷனுக்கும் போய்விடும். “அந்த அக்காவுக்காக ரொம்ப ஜெபிச்சுக்கங்க, என்ன விஷயம்னா...” என்று தொடங்குகிற வாக்கியத்தில் ஜெபம் முதல் பாதியோடு முடிந்துவிடுகிறது. இது உண்மை, இதற்குப் பயப்படுவதும் நியாயம். ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிடச் சொன்ன யாக்கோபு ஒலிபெருக்கியைக் குறிப்பிடவில்லை. ஒருவருக்கு ஒருவர் போதும். அதையும் மேலிருந்து தொடங்குவதே முறை. கண்டியில் ஆயராக இருந்த லியோ நாணயக்கார, 1972இல் புதிதாக உருவான பதுளை மறைமாவட்டத்துக்கு முதல் ஆயராக வந்து சேர்ந்தார். பெரிய இடத்திலிருந்து சின்ன இடத்துக்கு வருவதை நம் ஊரில் தண்டனை மாற்றம் என்போம். அவர் பெரிய இடத்து வேஷத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்து எளிமையாக வாழ்ந்தார். அவரைக் காட்டிலும் பழைய உதாரணம் பேதுரு. முற்றத்தில் குளிர்காய்ந்தபடி, எனக்கு அந்த ஆளைத் தெரியாது என்று மூன்று தரம் மறுத்தார். மறைக்கவும் முடியவில்லை, கலிலேயாக்காரன் என்று பேச்சே காட்டிக்கொடுத்தது. கொழும்பில் வேலைக்குப் போய்த் தோட்டத்தின் பெயரை விழுங்கிவிட்டுப் பதுளை டவுன் என்று சொல்லுகிற நம் பிள்ளைகளுக்கு அந்தச் சங்கடம் விளங்கும். இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் எதிரில் இருக்கிறவர் எந்தத் தோட்டம் என்று கேட்டுவிடுவார். சபையின் தலைவருடைய இந்த அவமானத்தை நான்கு சுவிசேஷமும் ஒன்றுவிடாமல் எழுதிவைத்திருக்கின்றன. நம்முடைய ஜூபிலி மலர்க் கமிட்டியிடம் கொடுத்திருந்தால் சேவலையும் சேர்த்து வெட்டியிருப்பார்கள்.

இனி லாபக்காரரைப் பிடித்துவிடலாம். ஒரு குறையும் இல்லை என்ற பதிலால் அக்காவுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. அவளுடைய தோடு அடகுக் கடையிலேயே இருக்கிறது. தப்பித்துக்கொண்டவர் கேட்டவர்தான். தோட்டை மீட்க வேண்டும் என்று அவள் வாயால் சொல்லிவிட்டால் யாராவது பணம் சேர்க்க வேண்டும். புருஷன் அடிக்கிறான் என்று சொல்லிவிட்டால் யாராவது சனிக்கிழமை ராத்திரி அந்தக் காம்பரா வாசலில் போய் நிற்க வேண்டும். தெரிந்தும் சும்மா இருக்க முகமூடி நமக்கு அனுமதிச் சீட்டுத் தருகிறது. போட்டிருப்பவர் அவர், வசதி நமக்கு. ஆகவே உங்கள் முகமூடியைக் கழற்றுங்கள் என்று சபையாரைப் பார்த்துக் கூப்பாடு போடுவதால் பயனில்லை. சபை முதலில் ஒரு கடனை அடைக்கட்டும், ஒரு வாசலில் போய் நிற்கட்டும், கேட்டதை ஒரு வாரமாவது வாய்க்குள்ளேயே வைத்திருக்கட்டும். அதற்குப் பிறகு சாட்சி நேரத்தில் மைக்கை நீட்டிப் பாருங்கள். திருப்பி வாங்குவதுதான் பாஸ்டர் ஐயாவுக்குப் பெரும் பாடாக இருக்கும்.