ஊசிக்கு டிமிக்கி கொடுப்பது எப்படி?

பிறந்த அன்றைக்குத் தப்பிக்க வழியில்லை. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கண்ணைத் திறந்து யார் அப்பா, யார் டாக்டர் என்று பார்ப்பதற்குள் இடது தோளில் பி.சி.ஜி., வாயில் போலியோ சொட்டு, தொடையில் ஹெபடைடிஸ் பி ஊசி என்று முடித்துவிடுகிறார்கள். அந்தக் கடைசி ஊசிக்கு 24 மணி நேரக் கெடு வேறு. ஓடத் தெரியாத வயது. ஆகவே இந்தக் கையேடு ஆறாவது வாரத்திலிருந்து தொடங்குகிறது.

ஆறு, பத்து, பதினாலு. இந்த மூன்று வாரங்களும் கண்டம். ஐந்து நோய்களுக்கு ஒரே குத்தாகப் பென்டாவேலன்ட் வரும். கூடவே போலியோவும் ரோட்டா சொட்டும், ஆறிலும் பதினாலிலும் நிமோனியா ஊசியும். இங்கே குழந்தைக்குத் துணை பாட்டிதான். "புள்ளைக்கு மூக்கு ஒழுகுது, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று அவர் தொடங்கிவைக்க வேண்டும். சாதாரண சளிக்கெல்லாம் ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம் என்பார் நர்சம்மா. காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அடுத்த ஊசி நாளான புதன்கிழமை அஷ்டமி. அதற்கடுத்த புதன் சித்தப்பா பெண்ணுக்கு வளைகாப்பு. இப்படியே மூன்று மாதம் ஓட்டிவிட்டு, "விட்டுப்போச்சு, இனிமே போட்டு என்ன ஆகப்போகுது" என்று முடிக்கலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. விட்ட இடத்திலிருந்தே தொடரலாம், முதலிலிருந்து போட வேண்டியதில்லை என்று தடுப்பூசி அட்டையைப் புரட்டிப் பார்த்து நர்சம்மா சொல்லிவிடுவார். எனவே அட்டையைத் தொலைக்க வேண்டும். பத்திரமாக இருக்கட்டும் என்று எங்காவது எடுத்து வையுங்கள், போதும்.

ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி. இதற்குப் பாட்டி போதாது, வாட்ஸ்அப் பெரியப்பா வேண்டும். 2017 பிப்ரவரியில் ஒன்பது மாதக் குழந்தை முதல் பதினைந்து வயதுப் பிள்ளைவரை எல்லோருக்கும் இதைப் போட வந்தபோது அவர் ஆற்றிய தொண்டு கொஞ்சமல்ல. யார் அனுப்பியது, எந்த ஊரில் நடந்தது என்று ஒன்றும் கேட்காமல் வந்ததையெல்லாம் குடும்பக் குழுவில் தள்ளினார். பெரியப்பாவின் கையில் எட்டணா அகலத்துக்கு இரண்டு தழும்புகள் இருக்கின்றன. சின்ன வயதில் அம்மை குத்தியது. 1975இல் இந்தியாவில் பெரியம்மை கடைசியாக ஒழிந்ததற்கு அந்தக் கையும் ஒரு காரணம். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டால் வெளியே தெரியாது.

ஒன்றரை வயதிலும் ஐந்து வயதிலும் பூஸ்டர். கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்ளலாம். பத்திலும் பதினாறிலும் பள்ளிக்கூடத்துக்கே டி.டி. வந்துவிடும், அப்போது காம்பவுண்டுச் சுவர் இருக்கிறது. ரணஜன்னிக்கு மட்டும் இருந்த பழைய ஊசியை மாற்றி, தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்து இப்போது போடுகிறார்கள். ஆங்கிலத்தில் பெயரின் இரண்டாவது எழுத்து மாறியது. தமிழில் அதுவும் டி.டி., இதுவும் டி.டி. மாறிய சேதி நம் வீடுகளுக்கு வந்து சேரவே இல்லை.

பதினாறோடு அட்டை முடிகிறது. இதற்குமேல் உத்தி எதற்கு? துரத்த ஆளில்லை. மாட்டிக்கொள்வது கர்ப்பிணிகள் மட்டும்தான். நான்கு வார இடைவெளியில் இரண்டு டி.டி. போட்டுவிடுவார்கள். ஆண்பிள்ளை நிம்மதியாக இருக்கலாம். மகளைத் தூக்கிக்கொண்டு போய், "ஒண்ணுமில்லடா கண்ணு, எறும்பு கடிக்கிற மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். பத்து வருஷத்துக்கு ஒருமுறை அவரும் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதை அங்கே யாரும் கேட்கப்போவதில்லை.

துருப்பிடித்த ஆணி குத்தினால் மட்டும் இவரே ஓடுவார். துருவுக்கும் ரணஜன்னிக்கும் சம்பந்தமில்லை, மண்ணிலும் சாணத்திலும் கிடக்கும் கிருமிதான் காரணம். பளபளக்கும் மண்வெட்டி காலில் பட்டால் மஞ்சள் அப்பிக்கொண்டு வேலையைப் பார்ப்பவர், துருவைக் கண்டதும் ஆட்டோ பிடிக்கிறார்.

வயதான பிறகு நிமோனியா ஊசி, வருஷாவருஷம் ஃப்ளூ ஊசி என்று டாக்டர் ஆரம்பிப்பார். "இந்த வயசுல எனக்கு எதுக்குப்பா, குழந்தையா நானு?" என்று கேளுங்கள். இதற்கு எந்த வீட்டிலும் பதில் கிடையாது. ஐம்பது தாண்டினால் அக்கிக்கும் ஊசி இருக்கிறது, இரண்டு தவணை. பிள்ளைப் பருவத்தில் வந்துபோன சின்னம்மைக் கிருமி நரம்புக்குள் பதுங்கியிருந்து கிழவயதில் அக்கியாகக் கிளம்புகிறது. ஊசி விலை அதிகம்தான். குயவர் வீட்டில் காவி குழைத்து அக்கி எழுதிக்கொள்வதற்கு ஆகும் செலவு குறைவு. எரிச்சல் மாதக்கணக்கில் நீடித்தால் அது வேறு கணக்கு.

நாய் கடித்தால் மட்டும் இந்தக் கையேட்டைத் தூர எறிந்துவிடுங்கள். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தொப்புளைச் சுற்றிப் போடுவதெல்லாம் எப்போதோ போய்விட்டது, இப்போது கையில்தான்.

மற்றபடி, புதன்கிழமை காலையில் சுகாதார நிலையம் இருக்கும் தெருவில் நடமாடாதீர்கள். உங்கள் அட்டை எங்கே என்று நர்சம்மா கேட்டுவிடப்போகிறார்.