கட்டிப்பிடிக்க ஏழு பவுண்

பிரிட்டனில் இன்னும் எதற்கு விலை வைக்கவில்லை என்று யோசிப்பவர்கள் ஹீத்ரோப் பக்கம் ஒருமுறை போய்வர வேண்டும். அங்கே விமான நிலைய வாசலில் ஆளை இறக்கிவிடுவதற்குக் காசு. காரைத் தரித்துவைக்க அல்ல, இறக்கிவிட்டுத் திரும்பிப் போவதற்கு. 2021 நவம்பரில் 5 பவுணில் தொடங்கினார்கள். கொரோனாவில் நொந்துபோன கம்பனி, எதையாவது வைத்துப் பிழைக்கட்டும் என்று சனமும் பொறுத்துக்கொண்டது. கொரோனா போய்விட்டது, கட்டணம் போகவில்லை. 2025இல் அது 6 ஆனது, 2026 பிறந்ததும் 7. கட்விக் இதைவிடக் கெட்டிக்காரப் பிள்ளை. 2021 மார்ச்சில் 5 பவுணுக்குத் தொடங்கி 2026 ஜனவரியில் 10க்கு வந்துவிட்டது.

அந்தப் பத்துப் பவுணுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்கிறீர்களா? ஒரு நடைபாதை ஓரமும் பத்து நிமிடமும்.

இந்தப் பத்து நிமிடத்தைக் கணக்கிட்ட அதிகாரி ஒரு தமிழ்க் குடும்பத்தை விமானம் ஏற்றிப் பார்த்தவரல்ல என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வேன். ஈஸ்ட்ஹாமிலிருந்தோ ஹரோவிலிருந்தோ கொழும்புக்குப் புறப்படும் அம்மம்மாவை வழியனுப்ப மூன்று தலைமுறை வரும். பெட்டி இறக்கவே நாலு நிமிடம். வீட்டுத் தராசில் சரியாக இருந்த பெட்டி வழியில் கனத்துவிட்டதோ என்ற ஐயத்தில் அதைத் திறந்து, ஊருக்குக் கொண்டுபோகும் சொக்லேட்டைக் கைப்பைக்கு மாற்ற இன்னும் மூன்று நிமிடம். பாஸ்போட் யாரிடம், பிரஷர் குளிசை எந்தப் பைக்குள் என்று தேட இரண்டு. மிச்சமிருக்கும் ஒரு நிமிடத்தில் அத்தனை பேரும் முறைவைத்து அழுது முடிக்க வேண்டும். கட்விக்கில் பத்து நிமிடம் தாண்டினால் நிமிடத்துக்கு ஒரு பவுண் மேலதிகம். "அம்மம்மா, ஒரு பவுணுக்குள்ள அழுது முடியுங்கோ" என்று பேரன் சொல்லும் காலம் வந்துவிட்டது.

கொள்ளையைவிடக் கொடியது அதை வசூலிக்கும் முறை. கடையில் சாமான் எடுத்தால் கல்லாவில் காசைக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வருகிறோம். ஹீத்ரோவின் இந்த வாசலில் தடுப்பும் இல்லை, காசு வாங்க ஆளும் இல்லை. கமரா உங்கள் கார் இலக்கத்தைப் படம் எடுக்கும். நீங்கள் வீட்டுக்குப் போய், மறுநாள் நள்ளிரவுக்குள் இணையத்திலோ தொலைபேசியிலோ நீங்களாக நினைத்துக் கட்ட வேண்டும். மறந்தால் 80 பவுண் தண்டக் கடிதம் வரும். பதினான்கு நாளுக்குள் கட்டினால் பாதிதானாம், என்ன இரக்கம்! வாசலிலேயே ஒரு தடுப்பை வைத்து வாங்கினால் ஒருவரும் மறக்கமாட்டார்கள். ஒருவரும் மறக்காவிட்டால் தண்டம் எங்கிருந்து வரும்? கண்ணீரோடு காரோட்டிப் போகிறவர்களின் மறதியை நம்பி ஒரு வியாபாரம்.

காரணம் கேட்டால் பெரிய வாயால் சொல்கிறார்கள்: காற்று மாசைக் குறைக்கிறோம், நெரிசலைக் குறைக்கிறோம், எல்லோரையும் ரயிலுக்கு மாற்றுகிறோம். நல்லது. அப்படியானால் புகையே விடாத மின்சாரக் காருக்கும் ஹீத்ரோவில் ஏன் அதே கட்டணம்? பூமியின்மேல் இத்தனை பாசமுள்ள ஹீத்ரோவுக்கு மூன்றாவது ஓடுபாதை வேண்டும். நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் 2025 ஜனவரியில் அதை மேடையேறி ஆதரித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் கட்விக்கின் இரண்டாவது ஓடுபாதைக்கும் அரசு அனுமதி கொடுத்தது. உங்கள் பழைய டொயோட்டா விடும் புகை பூமிக்கு ஆபத்து. விமானம் விடும் புகை பொருளாதார வளர்ச்சி.

இந்த வாசல்கள் ஒரு காலத்தில் பொதுச்சொத்து. 1987இல் தட்சர் அம்மையாரின் அரசு அவற்றைப் பங்குச் சந்தையில் விற்றது. இன்று ஹீத்ரோவின் மிகப்பெரிய பங்காளி பாரிஸைச் சேர்ந்த ஆர்டியான்; கட்டார், சவூதி அரச நிதியங்களுக்கும் பெரிய பங்கு உண்டு. கட்விக்கில் பாதிக்குச் சற்று மேல் பிரெஞ்சு வின்சியின் கையில். அந்தப் பாரிஸின் சார்ல் து கோல் நிலையத்தில் ஆளை இறக்கிவிடப் பத்து நிமிடம் இலவசம். பிரெஞ்சுக்காரர் தம் வாசலில் இப்படி வசூலித்தால் வீதிக்கு இறங்கிவிடுவார்கள். நாம் வரிசையில் நின்று, கைபேசியை எடுத்து, அட்டை இலக்கத்தைத் தட்டச்சு செய்கிறோம். கட்விக் 10 பவுண் ஆனதற்குச் சொன்ன நியாயம், அரசு தம்மேல் சுமத்தும் வணிகச் சொத்துவரி ஏறிவிட்டதாம். வரி அவர்களுக்கு, பில் அம்மம்மாவுக்கு.

சரி, தப்ப வழியுண்டா? ரயிலில் போகலாம். பிக்காடிலி லைன் 1977 முதல் ஹீத்ரோவுக்கு ஓடுகிறது. ஆனால் இரவு முழுவதும் ஓடுவது வெள்ளியும் சனியும்தான். செவ்வாய் அதிகாலை விமானமென்றால் இரவு பஸ்ஸில் இரண்டு பெட்டியோடும் முழங்கால் வலியோடும் அம்மம்மா ஏற வேண்டும். மினிகாப் பிடித்தால் அதே 7 பவுண் வாடகையில் ஒட்டிக்கொண்டு வரும். மாற்றுத்திறனாளிகளுக்கான நீல அட்டை இருந்தால் விலக்கு உண்டு, ஆனால் அட்டையைக் கண்ணாடியில் வைத்தால் போதாது. முறைப்படி பதிவுசெய்ய வேண்டும். மறதிக்காரர்கள் தானாகக் காசு கழியும் கணக்கைத் திறந்துவைக்கலாம். அதாவது தண்டத்திலிருந்து தப்ப, சாவியையே அவர்கள் கையில் கொடுத்துவிடலாம். கூகிளில் தேடிக் கட்டப் போகிறவர்கள் கவனம்: விமான நிலையத்தின் தளம்போலவே வேடம்போட்டு, மேலே தம் பங்குக்கும் கறக்கும் தளங்கள் உண்டு. ஒரிஜினல் எது, போலி எது என்று கண்டுபிடிக்க விலையைப் பார்த்துப் பயனில்லை.

மிஞ்சியிருப்பது ஒரே வழி. நீண்டநாள் தரிப்பிடத்துக்குக் காரை விடுங்கள். ஹீத்ரோவிலும் கட்விக்கிலும் அங்கே ஆளை இறக்கிவிடக் காசில்லை, அங்கிருந்து டெர்மினலுக்குப் போகும் பஸ்ஸும் இலவசம். கால்மணியோ அரைமணியோ முன்கூட்டியே புறப்பட வேண்டும், அவ்வளவுதான். இது எப்படி இன்னும் விலை போடப்படாமல் தப்பியிருக்கிறது என்று தெரியவில்லை. யாரோ ஒரு அதிகாரியின் கண்ணில் படவில்லைப்போலும். அதிகம் சத்தம்போடாமல் ஏறிக்கொள்ளுங்கள்.