கல்லடிப் பாலமும் ஐரோப்பாக் கண்டமும்: ஓர் அளவை ஆராய்ச்சி

மட்டக்களப்பிலே பிறந்து, யுத்த காலத்திலே ஊரை விட்டுப் புறப்பட்டு, சுவிற்சர்லாந்திலே குடியேறி, ஓய்வு நாள் வாய்க்கும்போதெல்லாம் ஐரோப்பாக் கண்டத்தின் அதிசயங்களைக் காணக் கிளம்பும் தம்பதியர், தாம் கண்ட பொருளின் நீள உயரங்களை எந்த அளவுகோல் கொண்டு அளக்கின்றனர் என்னும் வினாவைப் பண்டிதர் உலகம் இதுகாறும் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. மீற்றர் கொண்டு அளக்கின்றனர் என்று சட்டென விடை கூறுவோர், அத்தம்பதியரின் காரிலே பின்னாசனத்தில் அமர்ந்து ஒரு பகற்பொழுதேனும் பிரயாணம் செய்யும் பாக்கியம் பெறாதவர்கள். மனைவிக்கு மூத்த சகோதரன் என்ற ஒரே தகுதியினால் அப்பாக்கியம் நமக்கு வாய்த்தது. அங்கிருந்து கண்டும் கேட்டும் தெளிந்த முடிபை, வாசகரின் பொறுமையைச் சோதியாமல், முதலிலேயே கூறிவிடுகிறோம்: அவர்கள் அளப்பது கல்லடிப் பாலத்தால்.

அளவுகோலின் இலட்சணத்தை நிச்சயித்துக்கொண்டு மேலே செல்லுதல் சாஸ்திர மரபு. மட்டக்களப்பு நகரத்துக்கும் கல்லடிக்கும் இடையே வாவியைக் குறுக்கறுத்துக் கிடக்கும் இப்பாலம், பிரித்தானியர் ஆட்சியிலே, 1920களின் பிற்பகுதியில் இரும்பால் அமைக்கப்பட்டு, அதற்குச் சில ஆண்டுகள் முன்வரை கவர்னராயிருந்த சேர் வில்லியம் மனிங்கின் பத்தினியார் பெயரால் லேடி மனிங் பாலம் எனப்பட்டது. ஆயினும் ஊரவர் அந்த அம்மையாரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அதன் நீளம் ஏறக்குறைய 290 மீற்றர். ஒடுக்கமானது, ஒரு கரையிலிருந்து பஸ் வந்தால் மறுகரையிலே மாட்டுவண்டியாயினும் மந்திரியின் வாகனமாயினும் காத்து நிற்க வேண்டியிருந்தது. ஜப்பானிய உதவியுடன் 2013இல் பக்கத்திலே புதிய பாலம் திறக்கப்பட்டபோது, இனி எது அளவுகோல் என்னும் பெருஞ்சிக்கல் எழுந்திருக்கக் கூடும். இரண்டும் ஏறத்தாழ ஒரே நீளமுடையனவாய் அமைந்தமையால் அறிவியலுக்கு ஆபத்து நேரவில்லை.

இவ்விடத்திலே பூர்வபட்சக்காரர் எழுந்து, உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட மீற்றர் இருக்க, ஓர் ஊர்ப் பாலத்தை அளவுகோலாக்குதல் சங்குசிதப் புத்தியன்றோ என்று வினவுவர். அவர்க்கு விடை எளிது. வடதுருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரை, பாரிஸ் நகரத்தின் வழியாக ஒரு கோடு இழுத்து, அதிற் கோடியில் ஒரு பங்கே மீற்றர் என்று பிரான்சு தேசத்தார் வகுத்து, 1799இல் அதற்கொரு பிளாட்டினக் கோல் செய்து தங்கள் நகரத்திலேயே பத்திரப்படுத்தினர். கோடு தங்கள் ஊரின் வழியே செல்ல வேண்டுமென்று பாரிஸ்காரர் ஆசைப்பட்டது குற்றமன்றாயின், வெயிலிலும் மழையிலும் திறந்த வெளியிலே கிடந்து, எவரும் எப்போதும் நடந்து சரிபார்க்கக்கூடிய ஒரு பாலத்தை மட்டக்களப்பார் அளவுகோலாகக் கொள்ளுதலும் குற்றமன்று.

இனி, ஆய்வுக்கு ஆதாரமான தம்பதியரை அறிமுகப்படுத்துதல் முறை. கணவர் ஆரையம்பதியார், மனைவி களுதாவளையார். பேர்ண் நகருக்கு அண்மையில் வாசம். அவர் உணவகமொன்றின் சமையலறையிலும் இவர் முதியோர் இல்லமொன்றிலும் தொழில் புரிவதால், அவர்க்கு ஓய்வான திங்கட்கிழமையிலே இவருக்கு வேலை. இவருக்கு ஓய்வான ஞாயிற்றுக்கிழமையிலே அவர்க்கு அடுப்பு. இருவர் ஓய்வும் ஒரே நாளில் ஒன்றுகூடுதல் கிரகணத்துக்கு ஒப்பான அபூர்வம். அப்படிக் கூடினாலும், அந்த நாள் மாடிவீட்டின் கீழறையிலுள்ள உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட நாளாயிருந்தால் பிரயாணம் ரத்து. சுவிற்சர்லாந்திலே வாடகை வீட்டில் வசிப்போர்க்கு இம்முறைப்பட்டியல் பஞ்சாங்கத்திலும் மேலானது. இராகு காலத்திற் புறப்பட்டோர் உண்டு, தோய்க்கும் முறையைத் தவறவிட்டுப் புறப்பட்டோர் இலர். எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுக்குச் சீதனமாகையால், கலியாணம் முடித்த ஆண்மகன் மனைவி வீட்டிலேயே குடியிருப்பான். சுவிஸ் வந்துதான் தாம் பெண்வீட்டில் இராமல் வாடகை வீட்டில் இருப்பதாக மச்சான் அடிக்கடி பெருமை பேசுவார். வாடகை ஒப்பந்தத்தில் முதற்பெயர் யாருடையது என்பதை நாம் பார்த்திருக்கிறோம். அது இவ்வாராய்ச்சிக்குப் புறம்பானது.

முதற் களம் லுசேர்ன். அந்நகரத்திலே பதினான்காம் நூற்றாண்டில் மரத்தாற் கட்டி, கூரையும் வேய்ந்து, 1993ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்து நெருப்பிலே பெரும்பகுதி எரிந்து, மறுவருடமே திருத்தித் திறக்கப்பட்ட கபெல் பாலம் இருக்கிறது. உலகத்தார் அதன் கூரையடியிலுள்ள பழைய சித்திரங்களைப் பார்த்து வியப்பர். நம் தம்பதியர் பார்த்தது வேறு.

“இஞ்சேருங்க, இது எவ்வளவு வரும்?”

“முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு, புள்ள.”

“அப்ப நம்மட ஊரில போட்டா கரைக்கு வராம வாவிக்குள்ளயே நிண்டிரும்.”

கபெல் பாலம் 204 மீற்றர். காலடியால் மட்டும் நடந்து பார்த்துச் சொன்ன இக்கணிப்பின் நுட்பத்தை வாசகர் கவனிக்க வேண்டும். ஷாப்ஹவுசனில் ஐரோப்பாவின் மாபெரும் அருவிகளுள் ஒன்றான ரைன் நீர்வீழ்ச்சி 150 மீற்றர் அகலமும் 23 மீற்றர் உயரமும் உடையதாய் முழங்கிக்கொண்டிருக்க, அகலம் அரைப் பாலத்துக்குச் சற்று மேல் என்று தீர்ப்பளித்துவிட்டு, புட்டும் கட்டாச் சம்பலும் உண்ண நிழல் தேடினர். ஜெனீவாவின் நீரூற்று 140 மீற்றர் எழும்பி, அரைப் பாலத்துக்கு ஒரு மயிரிழை குறைந்து விழுந்தது. (ஜெனீவா என்றாலே நம்மவர்க்கு நீரூற்றுக்கு முன் நினைவு வருவது ஐ.நா. முன்றலும், பனியிலே பதாகை பிடித்து நின்ற நாட்களுமே. அவற்றை அளக்க எக்கோலும் இல்லை.) வெனிசு நகரத்து ரியால்ட்டோ பாலம் 48 மீற்றர், அரைக்காலுக்குச் சற்று மேல். ஈஃபில் கோபுரமோ இன்று 330 மீற்றர் உயரம். அதாவது ஒன்றே அரைக்காற் பாலத்தை நிமிர்த்தி வைத்தால் எவ்வளவோ அவ்வளவு. இச்செய்தியை ஊரிலிருந்த அம்மாவுக்குத் தொலைபேசியிலே மனைவியார் அறிவித்தார்.

“கல்லடிப் பாலத்தக் குத்தென நிமித்தி வைச்ச மாதிரி இரிக்கும்மா.”

“அப்ப அது விழாதா புள்ள?”

ஈஃபில் கோபுரம் கட்டியெழுப்பப்படும்போது பாரிசு நகரத்துக் கலைஞர்களும் எழுத்தாளர்களும் அதற்கு எதிராக 1887இல் பகிரங்க விஞ்ஞாபனம் வெளியிட்டனர். அதன் வாசகங்களெல்லாவற்றையும் விட, களுதாவளையிலிருந்து எழுந்த இவ்வொரு கேள்வி பொறியியலின் மூலாதாரத்தைத் தொடுகிறதென்பது நமது அபிப்பிராயம். 330 மீற்றர் என்று சொல்லியிருந்தால் அம்மா “ம்” என்று கேட்டு வைத்திருப்பார்.

பிராகு நகரத்திலே மட்டும் அளவுகோலுக்கு ஒரு சோதனை நேர்ந்தது. 1357இல் கட்டத் தொடங்கிய சார்ல்ஸ் பாலம் 516 மீற்றர் நீண்டு, ஒன்றே முக்காலையும் கடந்துவிட்டது. மச்சான் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒன்றும் பேசாமல் நடந்தார். முடிவிலே, “வாகனம் போறதா மச்சான் இதில?” என்று வினவினார். இல்லை, நடப்பவர்க்கு மட்டுமே என்றோம். “மறுகா என்ன? வாகனம் போகாத பாலம் கணக்கில இல்ல,” என்று தள்ளுபடி செய்தார். புதிய பாலம் வந்தபின் கல்லடிப் பழைய பாலத்தின் கதியும் அதுவேயாகிவிட்டதை நாம் ஞாபகப்படுத்தவில்லை. காரை ஓட்டுபவர் அவர்.

பாலத்தின் பயன் நீளத்தோடு நின்றுவிடுவதில்லை. 1980இல் திறக்கப்பட்ட கோட்ஹார்ட் சுரங்கப்பாதை, போக ஒன்று வர ஒன்றென இரண்டே ஒழுங்கைகளோடு ஏறக்குறைய 17 கிலோமீற்றர் மலையைக் குடைந்து செல்கிறது. உயிர்த்தஞாயிறு விடுமுறையிலே அதன் வடவாயிலுக்கு முன்னால் வாகனங்கள் கிலோமீற்றர் கணக்காக வரிசை கட்டி நிற்கும். அவ்வரிசையிலே ஜெர்மானியர் பெருமூச்சு விடுவர். ஒல்லாந்தர் இறங்கி இறங்கி எட்டிப் பார்ப்பர். நம்மவர் மட்டும் இருக்கையைப் பின்னே சாய்த்துவிட்டுத் தேநீர்ப் போத்தலைத் திறப்பர். கல்லடியிலே பயின்றவர்க்குக் காத்திருத்தல் பிரயாணத்தின் அங்கம்.

பாலத்தை விட்டு வாவிக்கு வருவோம். நமது வாவி 56 கிலோமீற்றர் நீளமும் ஏறக்குறைய 140 சதுர கிலோமீற்றர் பரப்பும் உடையது. சூரிச் வாவியோ 88 சதுர கிலோமீற்றர். லுசேர்ன் வாவி 114. இவ்விரண்டையும் வென்றோம் என்று தம்பதியர் மகிழ்ந்திருக்கையில், உடன் வந்த சூரிச்வாசியான உறவினர் ஒருவர் ஆழத்தைக் கிளப்பினார். சூரிச் வாவியின் ஆழம் 136 மீற்றர். நம்முடையதோ மிக ஆழமான இடத்திலும் நாலு மீற்றரளவே. இது தோல்வியென்று மேலெழுந்தவாரியாகப் பார்ப்போர் கருதுவர். வீச்சுவலை வீசுபவனுக்கு 136 மீற்றரால் ஆவதென்ன, இறால் அடியிலே கிடந்தால் அதை எடுப்பது யார் என்று மனைவியார் கேட்டதும் உறவினர் வாயடைத்தார்.

கரையைப் பற்றிய ஒற்றுமையே நம்மைத் திகைக்க வைத்தது. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை என்று நாம் வகுத்திருக்கிறோம். பட்டினமும் பள்ளிக்கூடங்களும் கடைகண்ணிகளும் பெரும்பாலும் எழுவான்கரையில், வயலும் மாடும் எருமைத் தயிரும் படுவான்கரையில். சூரிச் வாவியிலும் கிழக்குக் கரைக்கு மாலை வெயில் நெடுநேரம் கிடைப்பதால் அதனைப் பொற்கரை என்று கொண்டாடித் தனவந்தர் அங்கே மாளிகை கட்ட, வெயில் முந்தி மறையும் மேற்குக் கரையைச் சளிபிடிக்கும் கரையென்று ஊரார் ஏளனம் செய்கின்றனர். இத்தனை நாகரிகம் முற்றிய தேசத்திலும் செல்வம் எழுவான்கரையிலேயே குடியேறியிருப்பதைக் கண்ட மச்சான், இவர்களுக்கும் படுவான்கரையிலிருந்துதான் நெல் வருகிறதா என்று விசாரித்தார். நெல்லே இல்லை என்று அறிந்து மனம் வருந்தினார்.

மீன் பாடுதலைப் பற்றிய பரிசோதனை துன் வாவியிலே நடந்தது. முழுநிலா இரவிலே கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரிலும் மறுமுனையைச் செவியிலும் வைத்தால் இசை கேட்கும் என்பது நம் ஊர்ச் சிறுபிள்ளையும் அறிந்தது. மனைவியின் வேலைத்தோழி ஒருத்தியின் ஓடத்தை இரவல் வாங்கி, ஆடிமாதத்து நிலவிலே நடுவாவியில் நிறுத்தி, மச்சான் துடுப்பைச் செவியிலே வைத்தார். அருகே சென்ற ஓடத்திலிருந்த வெள்ளைக்காரத் தம்பதியர் அவர்க்குக் காதுவலியென்று எண்ணி மருத்துவமனைக்கு வழி சொன்னார்கள். ஒலி ஏதும் கேட்கவில்லை. இரவு பத்து மணிக்குப் பின் சத்தம் கூடாதென்பது சுவிஸ் மாடிவீடுகளின் விதி. அவ்விதியை அந்நாட்டு மீன்களும் அனுசரிக்கின்றன என்று துணியலாம்.

இந்த மீனிசை விஷயத்திலேதான் நமது சித்தாந்தத்துக்கு மிக வலுவான பிரமாணம் கிடைக்கிறது. இலங்கைக் குடியேற்றச் செயலாளராயிருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், 1848 செப்டெம்பரிலே மட்டக்களப்புக்கு வந்து, நிலவிலே ஓடமேறி, அதன் பலகையிலே செவியை வைத்து அவ்வொலியைக் கேட்டார். 1859இல் வெளியிட்ட தமது இலங்கை நூலிலே அதனை எழுதியும் வைத்தார். எதனோடு ஒப்பிட்டு? ஈரவிரலால் விளிம்பைத் தேய்த்த மதுக்கிண்ணத்தின் மெல்லதிர்வோடு. மதுக்கிண்ணம் நம் வாவிக்கரையிலே விளைவதன்று. அவர் தம் வீட்டு மேசையிலிருந்து மனத்திலே காவி வந்தது. கனவான் தம் கிண்ணத்தைக் கொண்டு நம் வாவியை அளந்தார். அதனை உலகம் நூலென்று போற்றிற்று. நம் தங்கை தன் பாலத்தைக் கொண்டு அவர் கண்டத்தை அளக்கும்போது மட்டும் அது பட்டிக்காட்டுத்தனம் ஆவது எங்ஙனம்? மேலும், 1602இல் ஸ்பில்பேர்கன் என்னும் ஒல்லாந்தக் கப்பற்றலைவன் நம் கரையிலே இறங்கி, 1638இல் அவன் தேசத்தார் போர்த்துக்கேயரின் கோட்டையைப் பிடித்து, பின் ஆங்கிலேயர் வந்து பாலமும் போட்டனர். அளக்கும் இரும்பே அவர்கள் கொண்டுவந்தது.

வெனிசு நகரத்திலே ஒப்பீடு உச்சத்தை அடைந்தது. அதுவும் கடலேரிக்குள்ளே தீவு. நம் புளியந்தீவும் அவ்வாறே. கடல் உள்ளே வராதிருக்க வெனிசுக்காரர் கோடானுகோடி யூரோ செலவிட்டு 78 இரும்புக் கதவுகளைக் கடலடியிலே பொருத்தி, 2020இல் முதன்முறையாக எழுப்பினர். நம் முகத்துவாரத்திலோ வெள்ளம் உள்ளே பெருகி வயலை மூடும்போது, மணற்றிட்டை வெட்டி நீரைக் கடலுக்கு விடுகிறோம். அவர்கள் மூடுகிறார்கள், நாம் திறக்கிறோம்; செலவு வித்தியாசத்தை வாசகர் கணித்துக்கொள்க. பகற்பொழுது மட்டும் வந்து போவோரிடம் வெனிசு நகரசபை 2024 முதல் சில நாட்களில் ஐந்து யூரோ அறவிடத் தொடங்கியதை அறிந்த மனைவியார், புளியந்தீவுக்குள் நுழைய இன்னும் காசில்லை என்று அங்கிருந்த காவற்காரனுக்குத் தமிழிலே எடுத்துரைத்தார்.

இவ்வளவைமுறை எப்போது தோன்றியது என்பதற்கும் ஒரு குறிப்பு வேண்டும். குடியுரிமை பெறுவதற்கு முந்திய ஆண்டுகளிலே அத்தம்பதியர் கையிலிருந்தது அகதிப் பிரயாணப் பத்திரம். அது அவர்கள் தப்பி வந்த தேசம் ஒன்றுக்கு மட்டும் செல்லாது. பாரிசும் பிராகும் காணலாம், கல்லடி காணலாகாது. மனைவியார் பாலத்தை முதன்முதலாக அளவுகோலாக்கியது அந்த ஆண்டுகளில்தான். பிற்காலத்தில் சிவப்புக் கடவுச்சீட்டுப் பெற்று இருவரும் ஊருக்குப் போய்வந்த பின்னும் வழக்கம் மாறவில்லை.

ஆராய்ச்சி இன்னும் முற்றுப்பெறவில்லை. டென்மார்க்கையும் சுவீடனையும் இணைத்து 2000ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஓரசுண்ட் பாலம் 7,845 மீற்றர் என்கின்றனர். கணக்கிட்டால் அது 27 கல்லடிப் பாலம், அதாவது நட்சத்திரத்துக்கு ஒன்று. இவ்வற்புதப் பொருத்தத்தைக் கடதாசியில் மட்டும் நம்புதல் சாஸ்திரமாகாது. அப்பாலத்திலே நடக்க அனுமதியில்லை. ஆகவே டென்மார்க்கு வாழ் மட்டக்களப்பு அன்பர்கள் காரிலே கடந்து எண்ணிப் பார்த்து நமக்கு எழுதியறிவிக்குமாறு வேண்டுகிறோம். எண்ணும் பொறுப்பு மனைவியரிடம் இருக்கட்டும். அளவுகோலிலும் நீண்ட பாலத்தைக் கண்டால் கணவன்மார் கணக்கிலிருந்து தள்ளிவிடுகிறார்கள்.